துண்டுக்குள் நான்காவது கை

கடவுளை நம்புகிறவன் பேய் பிசாசையும் நம்பியே தீர்வான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். என் விஷயத்தில் அது பிழை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடியுமுன் எழுந்து, குளித்து, நீறிட்டு, பதிகம் ஓதிய பிறகே காப்பி குடிப்பவன் நான். அடியவன் ஆண்டவனைத் தவிர வேறொன்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பதை அந்தப் பாடல்களிலிருந்துதான் படித்துக்கொண்டேன். அதனால் யாராவது வந்து, புளியமரத்தடியில் எதையோ பார்த்தேன் என்று சொன்னால், முழுதும் கேட்டுவிட்டு, அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பேன். இப்போது நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீங்களும் என்னிடம் அதையே விசாரிக்கலாம். வருத்தப்பட மாட்டேன். எழுபத்தொரு வயதில் இன்னொருவரை நம்பவைக்கும் தெம்பு எனக்கு மிச்சமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு செய்தியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்தேன். வாயிற்கதவருகே உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார் என்று எழுதுகிற வேலை. ஐந்து நிமிடம் பிந்தி வந்த சொந்த மைத்துனனுக்கும் ஐந்து நிமிடம் பிந்தினான் என்றே எழுதியவன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, பின்னால் வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும் தொலைவில் இருக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நானும் என் ஒரே மகள் உமையாளும்தான் இருக்கிறோம். உமாவுக்கு முப்பத்தைந்து வயது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிகிச்சை நிலையத்தில், தோள்பட்டையும் முழங்காலும் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்ட். மணமாகி ஐந்தாம் ஆண்டு திரும்பி வந்துவிட்டாள். அங்கே அடியும் இல்லை, பட்டினியும் இல்லை. அந்த மனிதர் சொன்ன எதுவுமே உண்மையாக இருந்ததில்லை. "பொய்யைத் தவிர வேற எதா இருந்தாலும் பொறுத்திருப்பேனுங்கப்பா" என்று வந்த அன்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் வேலைக்குப் போனாள், வந்தாள், உண்டாள், உறங்கினாள். சிரிக்கவில்லை.

அவளைச் சிரிக்கவைத்தது ஆறு. அதை நான் மறுக்க முடியாது.

திருச்செங்கோட்டுக்காரர் தனபால் என்பவர் தோள்வலிக்காக அவளிடம் வந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு இளமையில் வடக்கே மலைநாட்டுக்குப் போனவர். அங்கே வேலையில்லாத நாள்களில், பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் ஆற்றில் சிறு ஓடம் செலுத்தக் கற்றுக்கொண்டாராம். கயாக் என்கிறார்கள். ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரும் பிளாஸ்டிக் ஓடம், இருபுறமும் அலகு வைத்த ஒரு துடுப்பு. ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. சேலத்தில் படுக்கைவிரிப்புக் கடை வைத்திருக்கும் நசீர் என்பவரையும் பழக்கிவிட்டார். மூன்றாவதாக என் மகள் சேர்ந்தாள். முதல் நாள் போய்விட்டு வந்து, தலையெல்லாம் ஈரமாக, வாசற்படியிலேயே நின்று, "கவுந்துட்டேனுங்கப்பா, நாலு தடவ!" என்று சிரித்தாள். நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன்.

அந்த விளையாட்டுக்கு ஓட்டுநர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. மேலே ஓரிடத்தில் இறக்கிவிட்டு, கீழே அவர்கள் கரையேறும் இடத்துக்கு வேனைக் கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்குப் பழகிய தொழில்தான். ஆனால் ஆலையில் ஆள் வராவிட்டால் ஒரு கோடு போடுவேன். இங்கே பாலத்தின் நிழலில் நின்று, மேலே வளைவில் மூன்று வண்ணத் தலைக்கவசங்கள் தெரிகிறவரை மனத்துக்குள் பதிகம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகே உட்காருவேன். ஞாயிறுதோறும் இப்படி இரண்டு ஆண்டுகள். திங்களன்று எழுந்திருக்கவே முடியாது. உடம்பு அசதி ஒரு நாளில் போய்விடும். நெஞ்சின் அசதி போவதற்குள் மறு ஞாயிறு வந்துவிடும்.

அவர்கள் கண்மூடித்தனமாக இறங்குகிறவர்கள் அல்லர் என்பதையும் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓடுகிற ஆற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் ஓட்டம் மட்டும் உண்டு, பயமில்லை. இரண்டு என்றால் சிறு அலைகள், வழி கண்ணுக்குத் தெரியும். மூன்று என்றால் முதலில் கரையில் நடந்து பார்த்து, எந்தப் பாறைக்கு இடமாக, எந்தச் சுழிக்கு வலமாக என்று வழியை மனத்தில் எழுதிக்கொண்டு இறங்க வேண்டும். நான்கு என்றால், ஓடம் கவிழ்ந்தால் நீந்திக் கரை சேர்வது உறுதியில்லை. அதற்கு மேலுள்ளவற்றை நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. தனபால் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஓடம் செலுத்துகிறவர் பெயருக்கு நேரே அவரவர் தாங்கும் எண். தனபால் நான்கு, நசீர் மூன்று, உமா மூன்று. அந்த மூன்றும் துணைக்கு ஆள் இருந்தால் மட்டும்.

"நோட்டுல இருக்கற நம்பரு ஆளுக்குத்தானுங்கய்யா. ஆத்துக்கு நம்பரு அன்னன்னிக்குக் கரையில நின்னுதான் போடோணும்" என்பார் தனபால். சித்திரையில் இரண்டாக இருக்கும் அதே இடம் ஆடியில் நான்காகிவிடும். நீர் ஏறிக்கொண்டிருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். மரமும் முள்ளும் அடித்துக்கொண்டு வந்தால் இன்னொன்று. கூட்டி வருகிற எண், வந்திருப்பவர்களில் யாருக்குக் குறைவான எண்ணோ அதைத் தாண்டினால், ஒருவரும் இறங்கக் கூடாது. இதுதான் சட்டம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கரையில் நின்று வாய்விட்டுப் பேசினால், துணிந்தவர் சொல்வதற்குப் பயந்தவர் தலையாட்டிவிடுவார். அதற்குத் தனபால் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய தகப்பனார் மாட்டுச்சந்தையில் தரகு பார்த்தவர். சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தோள்துண்டைக் கைமேல் போட்டு, அதற்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பற்றித் தொகையைச் சொல்லிக்கொள்வார்கள், சுற்றி நிற்பவர் எவருக்கும் தெரியாது. அதே முறைதான் இங்கும். நான் வலக்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். கைமேல் துண்டு கிடக்கும், அதன் முனையை இடக்கையால் பிடித்துக்கொள்வேன். மூவரும் ஆற்றைப் பார்த்துவிட்டு, தங்களுக்குள் பேசாமல், ஒவ்வொருவராக வந்து துண்டுக்குள் கைவிட்டு, அன்றைய தண்ணீருக்கு என்ன எண் என்று நினைக்கிறார்களோ அத்தனை விரல்களைப் பற்றிவிட்டுப் போய் அவரவர் ஓடத்தில் உட்காருவார்கள். நான் கண்திறந்து, வந்தவற்றில் பெரிய எண் எதுவோ அதை மட்டும் சொல்வேன். யார் சொன்னது என்று யாரும் கேட்கக் கூடாது. எனக்கே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் கண்ணை மூடுவது.

ஆனால் எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொன்னதில்லை. தனபாலின் உள்ளங்கை அரம் போல இருக்கும். நசீரின் கை துணி மடித்து மடித்து வழுவழுத்தது. மோதிரம் ஒன்று இடிக்கும். உமாவின் கையை, அது என் ஒரு விரலுக்குப் போதாமல் இருந்த நாளிலிருந்து அறிவேன்.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு. மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி இருகரையும் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. பரமத்தி வேலூருக்கு மேற்கே, அவர்கள் நாச்சிப்பாறை என்று பெயர் வைத்திருந்த ஓரிடம். ஆற்றின் குறுக்கே பாறைகள் படிப்படியாகக் கிடக்கும். தண்ணீர் குறைவாக இருக்கையில் இரண்டு முறை உமா அதைக் கடந்திருந்தாள். ஆடித் தண்ணீரில் கடக்க வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு.

அன்று காலை பூசையில் நான் செய்த காரியத்தைச் சொல்ல நாணமாக இருக்கிறது. பதிகம் ஓதி முடித்து, விளக்கின் முன் நின்று, "ஐயனே, இவள் தாயை அழைத்துக்கொண்டாய், நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று ஒரு நாள் என் நாவில் ஒரு பொய்யை வைத்துவிடு" என்று வேண்டிக்கொண்டேன். அவர்கள் என்ன விரல் காட்டினாலும் நான்கு என்று சொல்லிவிடுவது, அதோடு வீடு திரும்பிவிடுவது. யார் சொன்னது என்று கேட்கக் கூடாது என்பது சட்டம்தானே? ஒருவருக்கும் தெரியாது. காலம் முழுவதும் கேட்காத ஒன்றை அன்று கேட்டேன், அவ்வளவு களைத்திருந்தேன்.

காலை எட்டு மணிக்கு நாச்சிப்பாறையில் இருந்தோம். நல்ல வெயில். ஆடிக் காற்று கரும்புத் தோட்டத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தது. பெருக்கன்று பெண்கள் விட்ட மஞ்சள் கயிறும் பூவும் கரைப் புல்லில் ஒதுங்கிக் கிடந்தன. தனபால் கரையோரமாக நடந்து கீழ்வரை பார்த்துவிட்டு வந்தார்.

"பாயி, எப்புடி இருக்குது? கடைக்குப் போயி ஜமக்காளம் மடிக்கலாமா, எறங்கலாமா?" என்றார்.

"மடிக்கறதுன்னா உங்களையும் சேத்து மடிச்சு பார்சல் பண்ணிட்டுத்தான் போவேன்" என்றார் நசீர். "எடது பக்கம் வழி நல்லாத்தான் தெரியுது. நடுவுல ஒரு எடம் மட்டும் மொறைக்குது."

"அது என்னைய மொறைக்குதுங்க. போன தடவ அதுலதான் செருப்ப உட்டேன்" என்றாள் உமா. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னுங்கப்பா, மூஞ்சி இப்புடி வாடிக் கெடக்குது? நீங்களா எறங்கறீங்க?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பொய்க்கு ஆயத்தமானேன்.

"சரி, துண்டு" என்றார் தனபால். பேச்சு நின்றது.

கண்ணை மூடினேன். வழக்கம்போல மனத்துக்குள் பதிகம் தொடங்கினேன். முதலில் அரம் போன்ற கை வந்தது. மூன்று விரல்களைப் பற்றியது. தனபால். மணலில் காலடி விலகியது. பிறகு மோதிரம் இடித்தது; நசீர், மூன்று. பிறகு உமா. வந்ததும் பற்றவில்லை. சற்றுத் தயங்கி, என் உள்ளங்கையை ஒருமுறை தடவிவிட்டு, மூன்று விரல்களைப் பிடித்தாள். பொய்யில்லாத மூன்று. அவளுடைய எல்லை எதுவோ அதே எண், சட்டப்படி இறங்கலாம். அவள் காலடியும் போயிற்று. ஓடத்தின் அடி மணலில் உரசும் ஓசை கேட்டது.

கண்ணைத் திறக்க வேண்டிய நேரம். நான் திறக்கவில்லை, நாவைத் திரட்டிக்கொண்டிருந்தேன். நான்கு, நான்கு, நான்கு. நேரக் காப்பாளனின் நாக்குக்கு அது எளிதாக இல்லை.

அப்போது துண்டுக்குள் ஒரு கை வந்தது.

காலடி கேட்கவில்லை. யாரோ மனம் மாறித் திரும்பி வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், நினைத்த கணமே அது அவர்களில் யாருடைய கையும் இல்லை என்று என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. குளிர்ச்சி இல்லை. ஈரமும் இல்லை. விரல் நுனிகள் மட்டும், நெடுநேரம் தண்ணீரில் ஊறினால் சுருங்குமே, அப்படிச் சுருங்கியிருந்தன. அது அவர்களைப் போல ஒரே பிடியாகப் பிடிக்கவில்லை. முதலில் சுட்டுவிரலைப் பற்றியது. பொறுத்தது. பிறகு நடுவிரலைச் சேர்த்துக்கொண்டது. பொறுத்தது. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருக்கும். சின்னக் குழந்தைக்கு எண் சொல்லிக்கொடுப்பது போல, அல்லது மிகவும் களைத்த ஒருவர் படியேறுவது போல. மூன்றாவது விரலோடு நின்றுவிடும் என்று எண்ணினேன். சுண்டுவிரலையும் எடுத்துக்கொண்டது. நான்கையும் சேர்த்துச் சற்று நேரம் வைத்திருந்தது. பிறகு இல்லை.

அந்த வேளையில் எனக்கு அச்சம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த பதிகம் எந்த அடியில் நின்றது என்று மட்டும் மறந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் அப்படி ஆனதில்லை.

கண்ணைத் திறந்தேன். மூவரும் பதினைந்தடி தள்ளி ஓடங்களில் உட்கார்ந்து, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் வேறு ஒருவரும் இல்லை. துண்டு உலர்ந்திருந்தது.

"நாலு" என்றேன்.

தனபாலின் முகம் கருத்தது. ஆனால் சட்டம் அவர் போட்டது. எழுந்து ஓடத்தை இழுக்கத் தொடங்கினார். நசீர், "வாங்க, ஜமக்காளம் மடிப்போம்" என்றார், யாரும் சிரிக்கவில்லை. உமா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி இருந்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளம் வந்தது, அணை உடைந்தது, நாங்கள் தப்பினோம் என்று நான் எழுதினால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன இட்லியைக் கரையில் உட்கார்ந்து உண்டோம். பத்து மணிக்கும் அதே தண்ணீர், பன்னிரண்டு மணிக்கும் அதே தண்ணீர். எந்த மரமும் அடித்துக்கொண்டு வரவில்லை. பரிசல்காரர் ஒருவர் கீழ்ப்புறமாக, பாட்டுப் பாடிக்கொண்டே அக்கரைக்குப் போனார்.

மற்ற இருவரையும் நாமக்கல்லில் பேருந்து ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஊரைத் தாண்டிய பிறகு, உமா பேசினாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"யாரு நாலு புடிச்சாங்கன்னு கேக்க மாட்டேன். அது சட்டம். வேற கேக்கறேன். காலைல ஊட்டுல இருந்து கெளம்பறப்பவே நாலுன்னு சொல்லீரோணும்னு நெனச்சுட்டு வந்தீங்களா?"

சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இல்லை என்று ஒரு சொல் போதும். காலையில் வேண்டிக்கொண்ட பொய் அப்போதுதான் நாவருகில் வந்து நின்றது. என்னால் முடியவில்லை.

"ஆமா கண்ணு. நெனச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா கண்ணு, நெசமாலுமே ஒரு கை வந்து..."

"போதுங்கப்பா."

"உங்க மூணு பேரு கையும் எனக்குத் தெரியும். அது வேற கை."

"போதுமுங்க. நெனச்சுட்டு வந்தேன்னு நீங்களே சொல்றீங்க. நான் அதுக்கு மேல என்னத்த நம்பறதுங்க?"

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஐந்தாண்டுகள் அந்த வீட்டில் இருந்துவிட்டு வந்த அன்று எந்தக் குரலில் பேசினாளோ அந்தக் குரலில் பேசினாள். நினைத்துப் பார்த்தால் என் நிலைமை எனக்கே விளங்கவில்லை. பொய் சொல்லப் போனேன்; சொல்லவில்லை. கண்டதை, இல்லை, தொட்டதைத் தொட்டபடி சொன்னேன். 'ஆமா' என்ற ஒரு சொல்லுக்காக என் மகள் என்னைப் பொய்யன் என்று முடிவுகட்டினாள். அவள் முடிவிலும் எந்தப் பிழையும் இல்லை.

மறு ஞாயிறு, "நசீரண்ணன் கடைப்பையன் வண்டி ஓட்டறானாமுங்க. நீங்க ஓய்வா இருங்கப்பா" என்றாள். ஒரு மாதம் கழித்து மூவரும் துண்டு இல்லாமலே நாச்சிப்பாறையில் இறங்கினார்கள். நல்லபடியாகக் கரையேறினார்கள். அன்று அவள் வீட்டுக்கு வந்து என் தோளில் கைவைத்து, "மூணுதானுங்கப்பா. மூணுக்கு மேல ஒரு துளி இல்ல" என்றாள். குத்திக் காட்டவில்லை, செய்தி சொன்னாள். தலையாட்டினேன். அப்படியானால் அந்தக் கை எதைத்தான் எண்ணியது? எனக்குத் தெரியாது.

தைப்பொங்கலுக்கு முன் ஒருநாள் நசீர் எங்கள் வீட்டுக்கு வந்தார், படுக்கைவிரிப்பு ஒன்று கொடுக்க வந்ததாகச் சொன்னார். காப்பி குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, அன்னிக்கு எங்க மூணு பேருல நான்தான் உங்களுக்கு நேரெதிரா உக்காந்திருந்தேன். நாங்க உக்காந்து கொஞ்ச நேரம் ஆகியும் நீங்க கண்ணத் தொறக்கல. அப்ப துண்டு அசைஞ்சுது."

"காத்தா இருக்குமுங்க" என்றேன். நான்தான் சொன்னேன், அவரல்ல.

"காத்துன்னா முழுசும் ஆடணுமில்லீங்களா? உங்க கை இருக்கற எடம் மட்டும் மெதுவா மேல வந்துச்சு. ஒருக்கா, அப்பறம் ஒருக்கா. நான் எண்ணுனேன்."

"எத்தன?"

"நாலு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உமாகிட்டச் சொன்னேனுங்கய்யா. 'அப்பா சொல்லச் சொன்னாங்களாண்ணா'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

அவர் போன பிறகு காப்பித் தம்ளர்களைக் கழுவிவைத்தேன். எனக்குச் சான்று கிடைத்துவிட்டது; அது எதற்கும் பயன்படவில்லை.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு. உமா விடியலிலேயே, "வாரேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போயிருந்தாள். பூசை முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தேன். தோள்துண்டு சரிந்து மடியில் கிடந்தது, இடக்கை அதற்கு அடியில் இருந்தது. கண்ணை மூடிப் பதிகம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுட்டுவிரலை ஏதோ பற்றியது. பொறுத்தது. நடுவிரலைச் சேர்த்துக்கொண்டது. பிறகு விட்டுவிட்டது. மாலையில் உமா வந்து, நான் கேளாமலே, "இன்னிக்கு வெறும் ரெண்டுதானுங்க, தூங்கிட்டே போலாம்" என்றாள். அதிலிருந்து அவள் போகிற ஞாயிறெல்லாம் துண்டை மடியில் விரித்து உட்காருகிறேன். சில நாள் வரும். சில நாள் வராது. வந்தால் இரண்டு, ஒரே ஒரு முறை மூன்று. ஒருமுறைகூட அவள் மாலையில் சொன்ன எண்ணுக்கு மாறாக இருந்ததில்லை.

நான்கு வந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறீர்களா? அலைபேசி பக்கத்தில்தான் இருக்கிறது. அழைக்கலாம். ஆற்றுக்குப் போகும்போது அவள் தன்னுடையதை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவாள். எடுத்தாலும் என் சொல்லை நம்ப மாட்டாள். அதை நினைத்து நினைத்தே சோர்ந்துபோனேன். இறைவனிடம் இப்போது பொய்யும் கேட்பதில்லை, மெய்யும் கேட்பதில்லை.

இன்று மீண்டும் ஆடி ஞாயிறு. காலை ஐந்தரைக்குக் கிளம்பினாள். எந்த ஆறு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மணி ஒன்பதாகப் போகிறது. வலக்கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இடக்கை துண்டுக்குள் இருக்கிறது. முந்தைய பத்தியை எழுதத் தொடங்கியபோது சுட்டுவிரலைப் பற்றியது. பிறகு நடுவிரலை. பிறகு மூன்றாவதை.

இன்னும் விடவில்லை.